மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு என்னென்ன நிதியுதவி கிடைக்கும், எங்கே தொடங்குவது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். மகனுக்கு ஏழு வயது, மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி, சுருக்கமாக சி.பி.). வலிப்பும் உண்டு, பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. கணவருக்குத் தனியார் கம்பெனியில் வேலை. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, மாத்திரை என்று சம்பளத்தில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. கையில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் ஒன்று இருக்கிறது, அதைத் தவிர வேறு எதுவும் வாங்கவில்லை. எங்கே போவது, யாரைப் பார்ப்பது? கடைசி வரியில், "எங்களுக்குப் பிறகு இவன் என்ன ஆவான்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும். தமிழ்நாட்டை வைத்துச் சொல்கிறேன். இதில் வரும் மத்திய அரசுத் திட்டங்கள் எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முழுச் செலவையும் தாங்கிக்கொள்ளும் ஒரே திட்டம் என்று எதுவும் கிடையாது. மாத உதவித்தொகை ஒரு அலுவலகத்தில், மருத்துவக் காப்பீடு இன்னொரு இடத்தில், நாற்காலி வேறொரு முகாமில், வரிச்சலுகை வேறொரு படிவத்தில் என்று சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு குடும்பம் மூச்சு விட முடிகிற அளவுக்கு வரும். ஆனால் இவை அத்தனையும் அந்த ஒரு சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தே கிடைக்கும். அதனால் இன்றே அந்தத் தாளை எடுத்து நிதானமாக ஒரு முறை படியுங்கள்.

அதில் "மூளை முடக்குவாதம்" என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல சான்றிதழ்களில் வெறுமனே "கை, கால் இயக்கக் குறைபாடு" என்று மட்டும் போட்டிருப்பார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மூளை முடக்குவாதம் இயக்கக் குறைபாடு என்ற தலைப்பின் கீழேதான் வருகிறது, அதனால் டாக்டர் எழுதியது தவறில்லை. ஆனால் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் நான்கு வகைக் குறைபாடுகளுக்கு மட்டுமே உரியது: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு. அந்தச் சட்டத்தின் கீழ் வருகிற காப்பீடும் காப்பாளர் நியமனமும் வேண்டுமென்றால், சான்றிதழில் இந்தச் சொல் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் திருத்தி வாங்குங்கள். சி.பி. பிள்ளைகளின் பெற்றோர் பலர் வருடக்கணக்கில் அலைவது இந்த ஒரு சொல் விடுபட்டதால்தான்.

அடுத்து சதவீதம். இதில் நீங்கள் கொஞ்சம் விவரமாக இருக்க வேண்டும். மருத்துவக் குழு கூடும் நாளில் கூட்டம் அதிகமாக இருக்கும். பையனைப் பார்க்கச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். எலும்பு டாக்டர் கால் இறுக்கத்தைப் பார்ப்பார், நடக்கிறானா என்று கேட்பார், ஒரு எண்ணை எழுதுவார். அவனுக்கு அறிவுத்திறன் வளர்ச்சியிலும் தாமதம் இருக்கிறது, பார்வையிலோ கேட்பதிலோ பேச்சிலோ பிரச்சினை இருக்கிறது என்றால், நீங்கள் எடுத்துச் சொல்லாமல் அது அந்தத் தாளில் ஏறாது. விதிப்படி இரண்டு குறைபாடுகள் இருந்தால் இரண்டையும் தனித்தனியே மதிப்பிட்டு, பிறகு ஒரு சூத்திரத்தில் சேர்க்க வேண்டும். பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, 90இல் அந்தப் பெரிய எண் போக மீதி எவ்வளவோ அதைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்துக் கூட்டுவார்கள். இயக்கக் குறைபாடு 70, அறிவுத்திறன் குறைபாடு 50 என்று வைத்துக்கொள்வோம். 90இல் 70 போனால் 20. அதை 50ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் சுமார் 11. மொத்தம் 81 சதவீதம். 70 என்று மட்டும் எழுதப்பட்ட பிள்ளைக்கும் 81 என்று எழுதப்பட்ட அதே பிள்ளைக்கும் கிடைக்கிற உதவிகளில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 40, 75, 80 ஆகிய மூன்று எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சலுகைகளின் எல்லைக்கோடுகள் இவைதான்.

ஆகவே மறுமதிப்பீட்டுக்குப் போகும்போது ஒரு பையில் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்: பிறந்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த சீட்டு, மூளை ஸ்கேன், வலிப்புக்கான இ.இ.ஜி., உளவியலாளர் போட்ட அறிவுத்திறன் மதிப்பீடு, கண், காது பரிசோதனைச் சீட்டுகள். உளவியலாளரின் மதிப்பீட்டை முன்கூட்டியே அரசு மருத்துவமனையில் எடுத்து வைத்துவிட்டால் அன்றைக்குத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். இவன் தானாகச் சாப்பிடுகிறானா, சட்டை போட்டுக்கொள்கிறானா, கழிப்பறைக்குச் சொல்கிறானா என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல தாய்மார்கள் டாக்டர் கேட்டதும் "ஓரளவு பண்ணுவான் சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வராது, எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அறையில் சொல்ல வேண்டியது அவனுக்கு எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்பதைத்தான். அவனுடைய திறமையைச் சொல்ல வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன.

சான்றிதழ் சரியானதும் யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்குப் பதிவு செய்யுங்கள். ஸ்வாவ்லம்பன் என்ற அரசு இணையதளத்தில் நீங்களே செய்யலாம், முடியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் செய்து தருவார்கள். ஏறக்குறைய எல்லாத் திட்டங்களுக்கும் இப்போது இந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள்.

இனி மாதப் பணம். தமிழ்நாட்டில் இரண்டு தனித்தனி உதவிகள் இருக்கின்றன, இரண்டையும் மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருகிற பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். அறிவுத்திறன் குறைபாடு என்ற வகையில் 40 சதவீதம் இருந்தாலே கேட்கலாம். உடல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்ற வகையில் 75 சதவீதம் வேண்டும். சான்றிதழில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதியிருக்கிறார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்று இப்போது புரிந்திருக்கும். இன்னொன்று வருவாய்த் துறை வழியாக வருகிற மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 2023 ஜனவரியிலிருந்து அது மாதம் 1,500 ரூபாய். ஒருவருக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். உங்கள் மகனுக்குப் பராமரிப்பு உதவித்தொகைக்கே விண்ணப்பியுங்கள். எல்லாவற்றுக்கும் துணை தேவைப்படுகிற நிலையில் அவன் இருந்தால், உதவியாளருக்கான மாதம் 1,000 ரூபாயையும் அதே அலுவலகத்தில் கேளுங்கள், தானாக யாரும் சொல்ல மாட்டார்கள். மகளிர் உரிமைத் தொகையைப் பொறுத்தவரை, வீட்டில் ஒருவர் அரசு ஓய்வூதியம் வாங்கினால் அது கிடைக்காது என்ற பயம் பலருக்கு இருக்கிறது. கடும் குறைபாட்டுக்கான பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிற குடும்பத்துக்கு அதில் விலக்கு உண்டு. மற்ற தகுதிகள் இருந்தால் நீங்களும் விண்ணப்பிக்கலாம்.

வங்கிக் கணக்கை மகன் பெயரில், நீங்கள் காப்பாளராக இருந்து தொடங்குங்கள். ஆதார் இணைத்துவிடுங்கள். உதவித்தொகை பாதியில் நின்றுபோவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது ஆதார் கைரேகையைப் புதுப்பிக்காததுதான். ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் அதைப் புதுப்பிக்க வேண்டும். கை இறுக்கம் உள்ள பிள்ளைகளுக்கு ரேகை சரியாக விழாது, கருவிழிப் பதிவைக் கேட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது நிராமயா. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சி.பி. குடும்பங்களுக்கு இவ்வளவு பொருத்தமான காப்பீடு வேறொன்று இல்லை. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்துவது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. வயது வரம்பு கிடையாது, வருமான வரம்பு கிடையாது, சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது, ஏற்கெனவே இருக்கிற நோய் என்று தள்ளிவிடவும் மாட்டார்கள். சேர்க்கைக் கட்டணம் சில நூறு ரூபாய்தான், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இன்னும் குறைவு. இதன் பெரிய பலம் என்னவென்றால், ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் என்கிற நிபந்தனை இல்லை. புறநோயாளிச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, பல் சிகிச்சை, அப்புறம் நீங்கள் மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருக்கிற தெரபிக் கட்டணம், இவற்றுக்கும் தனித்தனி உச்சவரம்பு வைத்துத் தருகிறார்கள். சாதாரண மருத்துவக் காப்பீடுகள் தெரபியின் பக்கமே வருவதில்லை.

ஆனால் இது முதலில் நாம் செலவு செய்துவிட்டுப் பிறகு திரும்பப் பெறுகிற முறை. அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். பில் சரியில்லை என்று ஒரு தடவை திரும்பி வந்தால் மனம் வெறுத்துப் போகிறது. அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பு போடுங்கள். பிள்ளைக்கு என்ன தெரபி, வாரத்துக்கு எத்தனை முறை என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்று வேண்டும். தெரபிஸ்ட் கொடுக்கும் ரசீதில் பிள்ளையின் பெயர், எந்தெந்தத் தேதியில் வந்தான், ஒரு தடவைக்கு எவ்வளவு, அவருடைய பதிவு எண், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். "மாதக் கட்டணம் பெறப்பட்டது" என்று ஒற்றை வரியில் எழுதித் தருகிற ரசீது தேறாது. மருந்துக்கடை பில்லோடு மருந்துச்சீட்டின் நகலையும் அன்றைக்கே பின் அடித்து வையுங்கள். அசலை அனுப்பும் முன் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவு வரை சேர்த்து வைக்காமல் சிகிச்சை முடிந்த கையோடு அனுப்புவது நல்லது. காப்பீட்டு ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. ஜனவரியில் சேர்ந்தாலும் மார்ச்சில் முடிந்துவிடும், அதனால் ஆண்டின் தொடக்கத்திலேயே சேருங்கள், புதுப்பிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். தேசிய அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் உங்கள் மாவட்டத்தில் எது என்று நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அவர்கள் வழியாகச் சேர்ந்தால் பில் அனுப்பவும் கைகொடுப்பார்கள்.

அறுவை சிகிச்சை மாதிரிப் பெரிய செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. உங்கள் கணவருக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். மற்ற பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டு. உடல், மன நலக் குறைபாட்டால் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு அந்த வரம்பு கிடையாது, அந்த நிலை நீடிக்கும் வரை ஈ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும். கம்பெனி எடுத்துத் தருகிற குழுக் காப்பீடு இருந்தால், குறைபாடுள்ள பிள்ளையை வயது வரம்புக்குப் பிறகும் சேர்த்து வைத்துக்கொள்ளலாமா என்று மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது உண்மையில் பணம் கரைகிற இடத்துக்கு வருவோம். சி.பி.யில் செலவைக் கூட்டுவது ஒரு தடவை செய்கிற அறுவை சிகிச்சை இல்லை. வாரத்துக்கு மூன்று நாள், ஆண்டுக்கணக்கில் போகிற தெரபி. எந்த உதவித்தொகையும் இதை ஈடுகட்டாது. ஆகவே கூடுதல் பணத்தைத் தேடுவதற்குச் சமமாக, இலவசத் தெரபியைத் தேடுவதையும் வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. 2013இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வருவது, பிறந்ததிலிருந்து 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, கண், காது, உளவியல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். பள்ளிக் கல்வித் துறையில் ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் உண்டு, அங்கே சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தருவதும் அவர்கள் வேலைதான். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்வதும் அடக்கம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். உலக வங்கி உதவியோடு நடக்கிற உரிமைகள் திட்டத்தில் "விழுதுகள்" என்ற பெயரில் சேவை மையங்கள் திறந்துவருகிறார்கள், பக்கத்தில் இருந்தால் அதையும் பாருங்கள். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சென்னையில் வித்யாசாகர், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் ஆகியவை இதில் நீண்ட அனுபவம் உள்ளவை.

இலவச மையத்தில் கூட்டம் இருக்கும், வாரத்துக்கு ஒரு நாள்தான் கிடைக்கும் என்பார்கள். பரவாயில்லை. அந்த ஒரு நாளில் வீட்டில் செய்ய வேண்டியதைக் கற்றுக்கொண்டு வாருங்கள். குளிப்பாட்டும்போது கால் தசையை எப்படி நீட்டுவது, சாப்பாடு ஊட்டும்போது தலையை எந்தக் கோணத்தில் தாங்குவது, எப்படி உட்கார வைப்பது என்று தெரபிஸ்டிடம் கேட்டு, செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனியார் தெரபியை வாரம் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைக்க வேண்டிய கட்டாயம் வந்தாலும், வீட்டில் நாள்தோறும் நடந்தால் பிள்ளை பின்தங்காமல் இருக்க அது உதவும். வலிப்பு மாத்திரைகளும் அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் தனியாரில் எழுதிய மாத்திரையை நீங்களாக வேறு கம்பெனிக்கு மாற்றாதீர்கள், டாக்டரிடம் சொல்லித்தான் மாற்ற வேண்டும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். சி.பி.க்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று சில லட்சங்கள் கேட்கிற இடங்கள் இருக்கின்றன. நகையை விற்று, நிலத்தை அடகு வைத்துப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் இது தெளிவாகவே இருக்கிறது. ஸ்டெம் செல் சிகிச்சைக்கு அனுமதி உள்ளது ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவற்றுக்குத்தான். மூளை முடக்குவாதம் அந்தப் பட்டியலில் இல்லை. அனுமதி பெற்ற ஆய்வாக நடந்தால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. யாராவது பணம் கேட்டாலே அது ஆய்வு இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். அந்த லட்சங்கள் இவனுடைய பிற்காலத்துக்கு வேண்டியவை.

நாற்காலி, காலணி, தாங்கி போன்றவற்றுக்கு மத்திய அரசின் அடிப் (ADIP) என்ற உதவிக் கருவித் திட்டம் இருக்கிறது. குடும்ப மாத வருமானம் 22,500 ரூபாய் வரை இருந்தால் முழுவதும் இலவசம், 30,000 வரை பாதி விலை. சி.பி. பிள்ளைகளுக்கென்றே தலை, இடுப்பு, கால் தாங்கிகளோடு வருகிற சிறப்பு நாற்காலி இருக்கிறது, முகாமில் சாதாரணச் சக்கர நாற்காலியைக் கொடுத்தால் வாங்கி வராதீர்கள். தலை நிற்காத பிள்ளையை அதில் உட்கார வைத்தால் முதுகு வளையும். பொதுவாக ஒரு கருவி வாங்கினால் மூன்று ஆண்டுக்குப் பிறகுதான் அடுத்தது. 12 வயதுக்குட்பட்ட வளரும் பிள்ளைக்கு ஓராண்டிலேயே மறுபடி கேட்கலாம். மாநில அரசும் மூளை முடக்குவாதத்துக்கான சிறப்புச் சக்கர நாற்காலி தருகிறது, அதற்கு நல அலுவலகத்தில் மனு.

படிப்புக்கு: 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள அரசுப் பள்ளியிலோ அவன் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி சட்டப்படி அவன் உரிமை. போக்குவரத்துப் படி, துணைக்கு வருபவருக்கான படி ஆகியவற்றைத் தலைமையாசிரியர் வழியாக வட்டார வள மையத்தில் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் மத்திய அரசு உதவித்தொகைக்குப் பதியலாம். தெரபிக்குப் போக வர நகரப் பேருந்தில் அவனுக்கும் துணைக்கு ஒருவருக்கும் கட்டணம் இல்லை. ரயிலில் துணையில்லாமல் போக முடியாதவர்களுக்கு இரண்டாம் வகுப்பு, படுக்கை, மூன்றாம் வகுப்பு ஏசி ஆகியவற்றில் 75 சதவீதச் சலுகை, துணைக்கு வருபவருக்கும் அதே சலுகை.

வருமான வரி. குறைபாடுள்ள பிள்ளையைப் பராமரிப்பவருக்கு 80டிடி பிரிவில் 75,000 ரூபாய் கழிவு. 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. எவ்வளவு செலவு செய்தீர்கள் என்று பில் காட்டத் தேவையில்லை, முழுத் தொகையும் அப்படியே கழியும். மூளை முடக்குவாதத்துக்கு 10-ஐஏ என்ற படிவத்தில் அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவரோ நரம்பியல் நிபுணரோ சான்று தர வேண்டும். இது பழைய வரி முறைக்கு மட்டும்தான். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை சம்பாதிப்பவருக்கு வரியே வராது என்பதால், உங்கள் கணவர் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் அதில் பிரிவு எண்கள் வேறு, ஆடிட்டரிடம் பழைய எண்ணைச் சொன்னாலும் புரிந்துகொள்வார். அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொன்று: சாதாரணமாகக் குழந்தை பெயரில் வரும் வட்டி பெற்றோர் வருமானத்தோடு சேரும். இத்தகைய குறைபாடுள்ள பிள்ளையின் வருமானம் அப்படிச் சேராது, அவன் கணக்கிலேயே நிற்கும். ஆகவே பாட்டி, தாத்தா கொடுக்கிற பணத்தை அவன் பெயரிலேயே வைப்பில் போடலாம்.

மனு கொடுத்து மாதக்கணக்கில் பதில் இல்லையென்றால், ஒப்புகைச் சீட்டு எண்ணோடு திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மறுபடி கொடுங்கள். அங்கும் நகரவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம், வக்கீல் தேவையில்லை. வாய்மொழியாக "கிடைக்காது" என்று சொன்னால் நம்பித் திரும்பாதீர்கள், எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத்தில் கேட்டாலே பாதி வேலை நகரும்.

சரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 18 வயது ஆனதும் சட்டப்படி அவன் பெரியவன். அதுவரை நீங்கள் போட்ட கையெழுத்து அன்றிலிருந்து செல்லாது. வங்கியில் பணம் எடுக்க முடியாமல் பல பெற்றோர் விழிப்பது அந்தப் பிறந்தநாளுக்கு மறுநாள்தான். உடல் மட்டும் பாதிக்கப்பட்டு, அறிவு தெளிவாக இருக்கிற சி.பி. பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்குக் காப்பாளர் தேவையே இல்லை. கைநாட்டு, உதவியாளர், பேச்சுக்குப் பதிலாகப் படப் பலகை என்று ஏற்பாடு செய்து அவர்களே தங்கள் பணத்தைக் கையாளட்டும். பேச்சு வரவில்லை என்பதை அறிவு இல்லை என்று எடுத்துக்கொண்டு பிள்ளையின் உரிமையை யாரும் பறித்துவிடக் கூடாது. உங்கள் மகன் எப்படி வளர்கிறான் என்று பாருங்கள், இன்னும் பதினொரு ஆண்டு இருக்கிறது. அரசு வேலையில் இயக்கக் குறைபாட்டுப் பிரிவுக்கு உள்ள 1 சதவீத ஒதுக்கீட்டில் மூளை முடக்குவாதமும் இருக்கிறது, உயர்கல்வியிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத ஒதுக்கீடு உண்டு.

உண்மையிலேயே முடிவெடுக்க முடியாத நிலை என்றால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பித்து, தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் காப்பாளர் சான்று வாங்குங்கள். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. இந்தச் சான்றை வைத்து வங்கிகள் கணக்குத் தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.

உங்கள் கணவருக்கு பி.எஃப். இருந்தால், அதன் ஓய்வூதியத் திட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. உறுப்பினர் இறந்தால் பிள்ளைகளுக்கு 25 வயது வரைதான் ஓய்வூதியம், முழுமையாகவும் நிரந்தரமாகவும் குறைபாடுள்ள பிள்ளைக்கு வயது வரம்பே இல்லை. பி.எஃப். கணக்கின் குடும்ப விவரத்தில் மகன் பெயரும் குறைபாட்டு விவரமும் ஏறியிருக்கிறதா என்று இந்த மாதமே பார்க்கச் சொல்லுங்கள். அரசு ஊழியர் குடும்பம் என்றால் குறைபாடுள்ள பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையின் பெயரை ஆவணத்தில் சேர்த்து வைப்பது, பிறகு அலைவதைவிட எத்தனையோ மடங்கு எளிது.

சொத்தை அவன் பெயருக்கு நேரடியாக எழுதி வைப்பதா, அறக்கட்டளை ஒன்றை ஏற்படுத்துவதா என்பதை ஒரு வக்கீலோடு உட்கார்ந்து பேசி, உயில் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். உயிலைத் தள்ளிப்போட வேண்டாம், பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பிற்காலத்தில் அண்ணனோ அக்காவோ காப்பாளராக வந்து, பணத்தை வேறு வழியில் செலவு செய்துவிடுவார்களோ என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் இருப்பதுதான். தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதையும் யோசித்திருக்கிறது. நியமனமான ஆறு மாதத்துக்குள் காப்பாளர் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டாலோ சொத்தைத் தவறாகப் பயன்படுத்தினாலோ, உறவினர் யாரும் அல்லது பதிவு பெற்ற தொண்டு நிறுவனமும் அவரை நீக்கச் சொல்லிக் குழுவிடம் மனு கொடுக்கலாம். நிராமயாவுக்காக ஒரு தொண்டு நிறுவனத்தோடு இப்போதே தொடர்பு வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் பையனைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த ஆட்கள் அங்கே இருப்பார்கள், அவன் நிலைமை சரியில்லை என்றால் கேள்வி கேட்பார்கள்.